கராச்சர்மாவுக்கு எந்த யூனிக்ஸ்?

நன்றாக ஓடிக்கொண்டிருந்த கோடிக்கணக்கான கம்ப்யூட்டர்களுக்கு ஒரே நாளில் வயதாகிவிட்டது. 2025 அக்டோபர் 14ஆம் தேதி விண்டோஸ் 10க்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுத்திக்கொண்டது. அடுத்த பதிப்பான விண்டோஸ் 11 நான்கு ஆண்டுகளுக்கு முன்பே வந்துவிட்டது என்றாலும், எல்லாப் பெட்டியிலும் அது ஏறாது. டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி வேண்டும்; இன்டெல் பிராசஸர் என்றால் ஏறக்குறைய எட்டாவது தலைமுறையாகவாவது இருக்க வேண்டும். 2017க்கு முன் வாங்கிய இயந்திரங்களில் பெரும்பாலானவை வாசலிலேயே நிறுத்தப்பட்டுவிட்டன. வீட்டு உபயோகிப்பாளர்களுக்கு ஓராண்டு அவகாசம் கிடைத்தது. அது ஒத்திவைப்புதான், தீர்வல்ல.

சென்னைக்காரர் என்றால் பழைய பெட்டியைத் தூக்கிக்கொண்டு ரிச்சி தெருவுக்குப் போவார். (யூனிக்ஸை உருவாக்கிய இருவரில் ஒருவர் டென்னிஸ் ரிச்சி, தெருவுக்கும் அவருக்கும் சம்பந்தமில்லை என்றாலும் பெயர்ப் பொருத்தம் பிரமாதம்.) கராச்சர்மாவில் இருப்பவர் எங்கே போவார்?

கராச்சர்மா தெற்கு அந்தமானில் இருக்கிறது. 2024 செப்டம்பரில் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றப்பட்ட போர்ட் பிளேரை ஒட்டிய சிற்றூர். மத்திய தீவு வேளாண் ஆராய்ச்சி நிறுவனத்தின் பண்ணை இங்கே உண்டு. அந்தமானில் தமிழர்கள் கணிசமானவர்கள். தமிழ்வழிப் பள்ளிகளும் இருக்கின்றன. சென்னையிலிருந்து கப்பலில் கிளம்பினால் போய்ச் சேர ஏறக்குறைய மூன்று நாள். கம்ப்யூட்டர் உதிரி பாகம் எதுவானாலும் கப்பலிலோ விமானத்திலோ கடல் தாண்டித்தான் வர வேண்டும்.

இப்படிப்பட்ட ஊரில் ஒரு ஜெராக்ஸ் கடையைக் கற்பனை செய்வது கஷ்டமல்ல. பிரதி எடுப்பது, தமிழிலும் இந்தியிலும் டைப் அடித்துக் கொடுப்பது, அரசு விண்ணப்பங்களை ஆன்லைனில் நிரப்புவது ஆகியவைதான் தொழில். பத்து வருஷத்துப் பெட்டி, 4 ஜிபி நினைவகம், ஒரு லேசர் பிரிண்டர். புதுப் பெட்டி வாங்கினால் சில மாத வருமானம் போய்விடும். பாதுகாப்புத் திருத்தம் கிடைக்காத விண்டோஸை வைத்துக்கொண்டு, ஊராரின் ஆதார் எண்ணையும் வங்கிக் கணக்கு எண்ணையும் அதில் தட்டிக்கொண்டிருப்பதும் நல்லதல்ல. மூன்றாவது வழியாக எல்லோரும் சொல்வது, லினக்ஸ் போடு என்பது.

எந்த லினக்ஸ் என்று கேட்டால் தலை சுற்றும். டெபியன், உபுண்டு, மின்ட், ஃபெடோரா, ஆர்ச் என்று பட்டியல் நூறைத் தாண்டும். அதற்கு அப்பால் லினக்ஸே அல்லாத இன்னொரு பங்காளி வீடும் இருக்கிறது. ஃப்ரீபிஎஸ்டி, நெட்பிஎஸ்டி, ஓபன்பிஎஸ்டி எல்லாம் அந்த வீட்டுப் பிள்ளைகள். அத்தனையும் யூனிக்ஸ் வம்சம். எல்லாமே இலவசம், எல்லாவற்றின் மூலநிரலும் திறந்தே கிடக்கிறது. ஒவ்வொன்றுக்கும் அது ஒன்றே உலகில் சிறந்தது என்று சத்தியம் செய்யும் பக்தர் கூட்டமும் உண்டு.

இந்த வம்சத்தின் கதை கொஞ்சம் தெரிந்தால் பக்தர்களின் சண்டையை நிதானமாகப் பார்க்க முடியும். 1969ல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் கென் தாம்ப்சனும் டென்னிஸ் ரிச்சியும் யூனிக்ஸைத் தொடங்கினார்கள். ஆய்வகம் ஏடி அண்ட் டி என்ற தொலைபேசி நிறுவனத்தின் சொத்து. நிறுவனம் அதைப் பல்கலைக்கழகங்களுக்கு மூலநிரலோடு கொடுத்தது. கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகம் அதை வாங்கி, எழுபதுகளின் இறுதியிலிருந்து தன் பங்குக்கு ஏராளமாகச் சேர்த்தது. அதுதான் பிஎஸ்டி. இன்டர்நெட்டின் அடிப்படையான டிசிபி-ஐபி நெறிமுறை பரவியதில் பெர்க்லியின் பங்கு பெரிது.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் 386 பிராசஸர் கொண்ட பெட்டிகள் சாதாரணமானவர்களின் மேஜைக்கு வந்தன. அதில் ஓடக்கூடிய இலவச யூனிக்ஸ் ஒன்றுக்காக ஆயிரக்கணக்கானவர்கள் காத்திருந்தார்கள். வில்லியம் ஜோலிட்ஸ், லின் ஜோலிட்ஸ் தம்பதி 1992ல் 386பிஎஸ்டி என்ற பெயரில் அதை வெளியிட்டார்கள். பெர்க்லியின் பல வருஷ உழைப்பு அதன் பின்னால் இருந்தது. போட்டி என்று வைத்தால் ஜெயிக்க வேண்டியது அதுதான்.

நடந்தது வேறு. அதே 1992ல் ஏடி அண்ட் டியின் துணை நிறுவனம் ஒன்று, பெர்க்லி நிரலை வைத்து வியாபாரம் தொடங்கிய ஒரு சிறு கம்பெனிமீது வழக்குப் போட்டது. பல்கலைக்கழகமும் வழக்கில் இழுக்கப்பட்டது. பிஎஸ்டியை நம்பி முதலீடு செய்யலாமா, நாளை கோர்ட் தடுத்துவிட்டால் என்ன செய்வது என்ற பயம் பரவியது. 1994ன் தொடக்கத்தில் வழக்கு சமரசத்தில் முடிந்தது. சுமார் 18,000 கோப்புகள் கொண்ட தொகுப்பிலிருந்து மூன்றே மூன்று கோப்புகள் நீக்கப்பட்டன. சுமார் எழுபது கோப்புகளில் காப்புரிமை வாசகம் சேர்க்கப்பட்டது. அவ்வளவுதான். ஆனால் இரண்டு வருஷம் போய்விட்டது.

ஊர் இரண்டுபட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம். கூத்தாடி, ஹெல்சிங்கி பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்த லினஸ் டோர்வால்ட்ஸ். 1991 ஆகஸ்டில், பொழுதுபோக்காக ஒரு ஆபரேட்டிங் சிஸ்டம் எழுதிவருவதாக அறிவித்திருந்தார். அவர் கையில் இருந்தது உட்கரு மட்டுமே. அதைச் சுற்றி வேண்டிய கருவிகளை ரிச்சர்ட் ஸ்டால்மனின் க்னூ திட்டம் 1983 முதலே செய்து வைத்திருந்தது. இரண்டும் சேர்ந்தன. பாடம் நடத்துவதற்காக 1987ல் மினிக்ஸ் என்ற சிறு யூனிக்ஸை எழுதிய பேராசிரியர் ஆண்ட்ரூ டானன்பாம், 1992ல் லினக்ஸ் காலாவதியான வடிவமைப்பு என்று பகிரங்கமாகவே வாதிட்டார். வடிவமைப்பு பற்றிய அவர் வாதத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் ஜனங்கள் கிடைத்ததை எடுத்துக்கொண்டார்கள். 386பிஎஸ்டி முன்பே கிடைத்திருந்தால் லினக்ஸை எழுதியிருக்கவே மாட்டேன் என்ற பொருளில் டோர்வால்ட்ஸே பிற்பாடு சொன்னார்.

(டானன்பாமுக்கு ஓர் ஆறுதல் பரிசு உண்டு. இன்டெல் தன் சில்லுகளுக்குள் மறைவாக ஓடவிட்டிருக்கும் நிர்வாகப் பிரிவில் இருப்பது மினிக்ஸ்தான் என்று 2017ல் வெளியானது. யூனிக்ஸே வேண்டாம் என்பவரின் பெட்டிக்குள்ளும் ஒரு யூனிக்ஸ் இருக்கலாம்.)

தரம் மட்டுமே இந்தப் பந்தயத்தைத் தீர்மானிக்கவில்லை. எது, எப்போது, யார் கைக்குப் போய்ச் சேர்ந்தது என்பதும் சேர்ந்து தீர்மானித்தது. கராச்சர்மா கடைக்காரருக்கு இந்தக் கதையில் எடுத்துக்கொள்ள வேண்டியது இதுதான். இலவசம் என்ற சொல்லுக்கு அவர் ஊரில் நீண்ட காலம் வேறு பொருள் இருந்தது.

தொண்ணூறுகளின் பிற்பகுதியில் இந்தியாவில் பலருக்கு லினக்ஸ் அறிமுகமானது பத்திரிகையோடு இணைப்பாக வந்த சிடியில். பிசி க்வெஸ்ட் இதழ் அப்படிப் பல ஆண்டுகள் லினக்ஸைக் கொடுத்தது. 2004ல் உபுண்டு வந்தபோது கனானிகல் நிறுவனம் கேட்டவர்களுக்கெல்லாம் இலவசமாகத் தபாலில் சிடி அனுப்பியது. 2011ல் அது நின்றுபோனது. எல்லோரும் டவுன்லோடு செய்துகொள்ளலாமே என்பதுதான் நியாயம். அந்த 2011ல் அந்தமான் வெளி உலகத்தோடு பேசியது சாட்டிலைட் வழியாக. லினக்ஸ் ஒன்றை இறக்குவது இரவுக் காவல் வேலை மாதிரி. விடிவதற்குள் இணைப்பு அறுந்தால் மறுபடி முதலிலிருந்து.

2020 ஆகஸ்ட் 10ஆம் தேதி நிலைமை மாறியது. சென்னையிலிருந்து அந்தமான் நிகோபார் வரை கடலுக்கடியில் போடப்பட்ட சுமார் 2,300 கிலோமீட்டர் கண்ணாடி இழைக் கேபிளைப் பிரதமர் தொடங்கிவைத்தார். செலவு ஏறக்குறைய 1,224 கோடி ரூபாய். போர்ட் பிளேருக்கும் அதற்கு அப்பால் லிட்டில் அந்தமான், கார் நிகோபார், கமோர்ட்டா, கிரேட் நிகோபார் போன்ற தீவுகளுக்கும் அது போனது. இன்று கராச்சர்மாவில் 3 ஜிபி கோப்பு ஒன்றை இறக்குவது ராத்திரிக் காவல் அல்ல. ஆனால் கேபிள் ஊருக்கு வந்ததும் கடைக்கு வந்ததும் ஒன்றல்ல. கடையில் இருப்பது பெரும்பாலும் மொபைல் டேட்டா. நாளுக்கு இவ்வளவு என்று அளந்து கிடைப்பது.

எனவே, தொடர்ந்து பெரிய தீனி கேட்கும் சிஸ்டம் எதுவும் அந்தக் கடைக்கு உதவாது. ஆர்ச் லினக்ஸ் அந்த ரகம். பதிப்பு என்று எதுவும் கிடையாது, தினமும் புதுசு வந்துகொண்டே இருக்கும். மூன்று மாதம் கவனிக்காமல் விட்டுவிட்டு ஒருநாள் மொத்தமாகப் புதுப்பித்தால் எதாவது ஒன்று முறுக்கிக்கொள்ளும் வாய்ப்பு அதிகம். விஷயம் தெரிந்த வாலிபர்களுக்கு அது ஆனந்தம். விண்ணப்பத்துக்குக் கடைசி நாளென்று வாசலில் பத்துப் பேர் நிற்கும்போது ஆனந்தமாக இருக்காது. உபுண்டுவில் வேறு தொல்லை. அதன் ஸ்னாப் என்ற பொட்டல முறை, பெரிய பெரிய கோப்புகளைத் தன்னிஷ்டத்துக்கு இறக்கிப் புதுப்பித்துக்கொள்ளும். உபுண்டுவை அடிப்படையாகக் கொண்ட லினக்ஸ் மின்ட் 2020ல் ஸ்னாப்பை வாசலுக்கு வெளியே நிறுத்திவிட்டது. அந்த ஒரு காரணத்துக்காகவே டேட்டா அளந்து வாங்குபவர்கள் மின்ட்டை விரும்பலாம். அதன் முகப்பும் விண்டோஸ் பழகியவர்களை மிரட்டாது.

டெபியன் இந்த இருவருக்கும் முன்னோர். 1993ல் இயன் மர்டாக் தொடங்கியது. டெப்ரா என்ற தோழியின் பெயரோடு தன் பெயரைச் சேர்த்து வைத்தார். முப்பது வருஷத்துக்கு மேலாகத் தன்னார்வலர்களே நடத்துகிறார்கள். ஏறக்குறைய இரண்டு வருஷத்துக்கு ஒரு பதிப்பு, நடுவில் பாதுகாப்புத் திருத்தங்கள் மட்டும். புதுமைப் பிரியர்கள் இதைக் கிழடு என்பார்கள். கடைக்காரருக்கு வேண்டிய குணமே அதுதான். ஒரு பென்டிரைவில் டெஸ்க்டாப்போடு முழு சிஸ்டமும் வந்துவிடும். இன்டர்நெட்டே இல்லாமல் நிறுவலாம். நெட் இல்லாத பெட்டிக்கு வேண்டியவற்றை வேறொரு பெட்டியில் இறக்கி எடுத்துவந்து போட, ஆப்ட்-ஆஃப்லைன் என்ற கருவி உண்டு. எழுதியவர் ஓர் இந்தியர் என்பதில் ஆச்சரியமில்லை. நெட் அறுந்துபோகும் கஷ்டம் தெரிந்தவர்தான் இப்படி ஒன்றை யோசிக்க முடியும். முன்பெல்லாம் வைஃபை அட்டைக்கான ஃபர்ம்வேரைத் தனியாகத் தேட வேண்டியிருந்தது. 2023 ஜூனில் வந்த டெபியன் 12 முதல் அதுவும் நிறுவும் வட்டிலேயே இருக்கிறது. பெட்டி உண்மையிலேயே கிழம், 32 பிட் பிராசஸர் என்றால் மட்டும் ஜாக்கிரதை. 2025 ஆகஸ்டில் வந்த டெபியன் 13ஐ அதில் நிறுவ முடியாது.

அடுத்து, கரண்ட். தீவுகளின் மின்சாரம் பெருமளவு டீசல் ஜெனரேட்டர்களை நம்பியது. கரண்ட் போகாத நாள் என்று எந்தக் கடைக்காரரும் உறுதி கொடுக்க மாட்டார். எழுதிக்கொண்டிருக்கும்போது ஹார்டு டிஸ்க்குக்கு மின்சாரம் நின்றால் கோப்பு முறை குழம்பும். லினக்ஸில் வழக்கமாக வரும் எக்ஸ்ட்4, என்ன செய்யப்போகிறது என்பதை முதலில் ஒரு நாட்குறிப்பில் எழுதிவிட்டுப் பிறகு செய்யும். திரும்ப உயிர் வந்ததும் நாட்குறிப்பைப் பார்த்துச் சில விநாடிகளில் சரிசெய்துகொள்ளும். ஃப்ரீபிஎஸ்டியிலும் நெட்பிஎஸ்டியிலும் இதற்கு நிகரான ஏற்பாடுகள் உண்டு. ஓபன்பிஎஸ்டியில் இல்லை. இருந்த ஒரு பாதி ஏற்பாட்டையும் 2023ல் எடுத்துவிட்டார்கள். கரண்ட் போய் வந்தால் டிஸ்க் முழுவதையும் சோதித்துவிட்டுத்தான் எழும். பாதுகாப்பில் ஓபன்பிஎஸ்டியை மிஞ்ச ஆளில்லை என்று நிபுணர்கள் சொல்வதெல்லாம் நிஜமே. உலகம் முழுக்க சர்வர்களைத் தொலைவிலிருந்து இயக்கப் பயன்படும் ஓபன்எஸ்எஸ்எச் 1999ல் அவர்கள் கொடுத்தது. ஆனாலும் யுபிஎஸ் பாட்டரி செத்துக்கிடக்கும் கடைக்கு அது சரிப்படாது.

பிரிண்டர்தான் பல வீடுகளில் லினக்ஸைத் திருப்பி அனுப்பும் வில்லன். இந்தியக் கடைகளில் அதிகம் காணப்படும் கேனான் எல்பிபி 2900 தனக்கென்று காப்ட் என்ற தனி பாஷை வைத்திருக்கிறது. லினக்ஸுக்கு டிரைவர் உண்டு, ஆனால் அதை ஒட்டவைக்கப் பொறுமை வேண்டும். பிஎஸ்டியில் அதைவிடக் கஷ்டம். ஹெச்பி பிரிண்டர் என்றால் எச்பிலிப் என்ற தொகுப்பு பெரும்பாலும் தானே பார்த்துக்கொள்கிறது. பிரிண்டர் ஓடாத ஜெராக்ஸ் கடைக்கு, உட்கரு எவ்வளவு நேர்த்தியாக இருந்தால் என்ன?

தமிழ் விஷயத்தில் பயப்பட வேண்டிய காலம் போய்விட்டது. யூனிகோட் தமிழை எல்லா யூனிக்ஸ் வீட்டிலும் ஒரே மென்பொருள் நூலகங்கள்தான் திரையில் வரைகின்றன. க, கி, கொ எல்லாம் லினக்ஸில் எப்படியோ ஃப்ரீபிஎஸ்டியிலும் அப்படியே. ஐபஸ் என்ற உள்ளீட்டு முறையோடு எம்17என் தொகுப்பைப் போட்டால் தமிழ்99, பழைய டைப்ரைட்டர் முறை, ஆங்கில ஒலிப்பு முறை எல்லாம் வந்துவிடும். பிரச்னை பழைய சரக்கில். பாமினி, டாம் என்று யூனிகோடுக்கு முந்திய எழுத்துருக்களில் அடித்துச் சேமித்த கல்யாணப் பத்திரிகைகளும் கடித மாதிரிகளும் இந்தியில் க்ருதிதேவ் கோப்புகளும் ஒவ்வொரு கடையிலும் நூற்றுக்கணக்கில் கிடக்கும். எழுத்துருவைக் கொண்டுபோய்ப் போட்டால் லிப்ரேஆஃபீஸ் அவற்றைக் காட்டிவிடும். பேஜ்மேக்கர் கோப்புகள் அப்படியல்ல. அடோபி நிறுவனமே கைவிட்ட அந்த மென்பொருளை நம் டிடிபி கடைகள் இன்னும் விடவில்லை. அதற்கு லினக்ஸில் பதிப்பு கிடையாது. கணக்கு எழுதும் டேலியும் விண்டோஸ் பிள்ளை. ஆதார் கைரேகைக் கருவிகளுக்கும் பெரும்பாலும் விண்டோஸ், ஆண்ட்ராய்டு டிரைவர்களே கிடைக்கின்றன. இந்த மூன்றில் ஒன்று தொழிலுக்கு உயிர்நாடி என்றால் முழுவதும் மாறும் யோசனையைக் கைவிடுவதே உத்தமம்.

பின்னால் யார் நிற்கிறார்கள் என்ற கேள்வியில்தான் இந்தத் தேர்வு கடைசியில் தீர்மானமாகிறது. இதற்குத் தமிழ்நாட்டிலேயே உதாரணம் உண்டு. 2006ல் தமிழ்நாடு மின்னணு நிறுவனமான எல்காட்டின் நிர்வாக இயக்குநராக வந்த ஐஏஎஸ் அதிகாரி சி. உமாசங்கர், தன் அலுவலகத்தையே சூஸே லினக்ஸுக்கு மாற்றினார். அரசுத் துறைகளையும் பள்ளிகளையும் அதே பாதையில் அழைத்துப்போகப் பார்த்தார். அந்நாளில் நாடே திரும்பிப் பார்த்த காரியம் அது. 2008ல் அவர் அங்கிருந்து மாறினார். சூஸேவும் ஒரே கையில் இருக்கவில்லை. நாவெல் கையிலிருந்து 2011ல் அட்டாச்மேட்டுக்கு, 2014ல் மைக்ரோ ஃபோகஸுக்கு, 2019ல் ஒரு முதலீட்டு நிறுவனத்துக்கு என்று கைமாறிக்கொண்டே போனது.

இதற்கிடையில் சென்னையில் இருக்கும் சிடாக் நிறுவனம் டெபியனை எடுத்து இந்திய மொழிகளைச் சேர்த்து பாஸ் என்ற பெயரில் 2007 ஜனவரியில் வெளியிட்டது. தமிழ்நாட்டு அரசு 2011 முதல் மாணவர்களுக்குக் கொடுத்த இலவச லேப்டாப்பில் விண்டோஸும் பாஸும் சேர்ந்தே வந்தன. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் கை பழகியதைத்தான் தேடும். பாடப்புத்தகமும் ஆசிரியரும் எதைச் சொல்கிறார்களோ அதைத்தான் மாணவர் திறப்பார். 2014ல் விண்டோஸ் எக்ஸ்பிக்கு ஆதரவு நின்றபோது அரசுத் துறைகள் பாஸுக்கு மாறலாம் என்று மாநிலத் தகவல் தொழில்நுட்பத் துறை யோசனை சொன்னது. பதினோரு வருஷம் கழித்து விண்டோஸ் 10க்கும் அதே கதை திரும்ப வந்திருக்கிறது.

கேரளம் வேறு மாதிரி செய்தது. ஐடி@ஸ்கூல் திட்டத்தில் சுதந்திர மென்பொருளை வெறும் சிடியாகக் கொடுக்காமல், ஆசிரியர்களுக்குப் பயிற்சி, அதை ஒட்டிய பாடப்புத்தகம், தேர்வு என்று கட்டிவிட்டது. அத்திட்டம் 2017ல் கைட் என்ற நிறுவனமாக வளர்ந்தது. உபுண்டுவை அடிப்படையாக வைத்துத் தனக்கென்று ஒரு பதிப்பையும் வெளியிட்டுவருகிறது. கேரளம் தேர்ந்தெடுத்த லினக்ஸ் தமிழ்நாடு தேர்ந்தெடுத்ததைவிடத் தொழில்நுட்பத்தில் உயர்ந்தது என்று யாரும் சொல்ல முடியாது. ஒரு பள்ளியில் கோளாறு என்றால் பக்கத்துப் பள்ளி ஆசிரியருக்குப் பதில் தெரிந்திருந்தது.

கம்பெனியை நம்பினால் என்ன ஆகும் என்பதற்கு 2020 டிசம்பர் சாட்சி. செலவில்லாமல் சர்வர் நடத்த உலகமே நம்பியிருந்த சென்ட்ஓஎஸ் 8க்கு 2021 இறுதியோடு முடிவு என்று ரெட் ஹாட் அறிவித்தது. 2029 வரை ஆதரவு கிடைக்கும் என்று நினைத்திருந்தவர்களுக்குக் கிடைத்த நோட்டீஸ் ஒரு வருஷம். தன்னார்வலர்கள் மட்டும் சாகாவரம் பெற்றவர்களா என்று கேட்கலாம். இல்லைதான். ஆனால் ஆயிரம் பேர் சேர்ந்து நடத்தும் டெபியனில் ஒருவர் ராஜிநாமா செய்தால் கடை மூடாது. ஒரு நிறுவனத்தின் இயக்குநர் குழு ஒரே மதியத்தில் மூடிவிடலாம்.

அப்படியானால் பிஎஸ்டிக்கு வேலையே இல்லையா? நிறையவே இருக்கிறது, மேஜைமேல் இல்லை. நெட்ஃபிளிக்ஸ் தன் படங்களை உலகுக்கு அனுப்பும் சர்வர்கள் ஃப்ரீபிஎஸ்டியில் ஓடுகின்றன. வாட்ஸ்அப் சில டஜன் இன்ஜினீயர்களை மட்டும் வைத்துக்கொண்டு கோடிக்கணக்கானவர்களுக்குச் செய்தி சுமந்த ஆரம்ப வருஷங்களில் அதன் சர்வர்களும் ஃப்ரீபிஎஸ்டிதான். பிளேஸ்டேஷன் 4க்குள்ளும் அதன் வாரிசு இருக்கிறது. ஆப்பிளின் மேக்கில் பிஎஸ்டி ரத்தம் ஓடுகிறது. ஒரே குழு உட்கருவையும் கருவிகளையும் கையேட்டையும் சேர்த்து எழுதுவதால் அதன் கையேடு படிக்கப் படிக்கச் சுகம். லினக்ஸ் உலகில் அந்த ஒழுங்கைத் தேட வேண்டும். கராச்சர்மாவில் ஒரு பள்ளியோ அலுவலகமோ ஒரே இணைப்பை இருபது பெட்டிகளுக்குப் பகிர்ந்து, காவலும் போட விரும்பினால், ஃப்ரீபிஎஸ்டியை அடிப்படையாகக் கொண்ட ஓபிஎன்சென்ஸ் ஒரு பழைய பெட்டியில் வருஷக்கணக்கில் அமைதியாக ஓடும். லேப்டாப்பில் மட்டும் சங்கடம். வைஃபை வேகத்தில் ஃப்ரீபிஎஸ்டி லினக்ஸைவிடப் பல ஆண்டுகள் பின்தங்கியிருந்தது. அதைச் சரிசெய்ய ஃப்ரீபிஎஸ்டி அறக்கட்டளை 2024ல்தான் தனித்திட்டம் போட்டு இறங்கியது.

ஆர்வத்துக்காகப் படிப்பவர், வீட்டில் இரண்டாவது பெட்டி வைத்திருக்கும் கல்லூரி மாணவர் என்றால் பிஎஸ்டியே நல்ல வாத்தியார். யூனிக்ஸ் எப்படி யோசிக்கிறது என்பது அதில் பளிச்சென்று தெரியும். கோளாறு வந்தால் கையேட்டோடு மல்லுக்கட்டத் தயாராக இருக்க வேண்டும், ஏனென்றால் போன் போட்டுக் கேட்க அந்தமானில் இன்னொரு பிஎஸ்டிக்காரர் கிடைப்பது சிரமம். லினக்ஸுக்கு அந்தத் தனிமை இல்லை. சென்னை லினக்ஸ் பயனர் குழு தொண்ணூறுகளின் இறுதியிலிருந்து இருக்கிறது. 2012ல் தொடங்கிய கணியம் இணைய இதழில் தமிழிலேயே பாடங்கள் கிடைக்கின்றன. அவற்றில் பெரும்பாலானவை டெபியன், உபுண்டு குடும்பத்தை வைத்து எழுதப்பட்டவை. மின்ட் போட்டவருக்கும் பாஸ் போட்டவருக்கும் அதே கட்டளை பலிக்கும். ஒரே குடும்பத்தில் இருப்பதன் லாபம் இது.

கடைக்காரருக்குச் செலவு ஒன்று வைக்கலாம். சுழலும் பழைய ஹார்டு டிஸ்க்கைக் கழற்றிவிட்டு ஒரு சிறிய எஸ்எஸ்டி. கடல் தாண்டி வந்தாலும் புதுப் பெட்டியின் விலையில் ஒரு சிறு பங்குதான். பழைய டிஸ்க்கை விண்டோஸோடு அப்படியே உறையில் போட்டு வைத்துக்கொள்ளலாம். பேஜ்மேக்கர் வேலை வரும் அன்று மாட்டலாம், நெட்டில் இணைக்காமல். எஸ்எஸ்டியில் டெபியனோ மின்ட்டோ, எடை குறைந்த எக்ஸ்எஃப்சிஇ முகப்போடு. 4 ஜிபியில் அது தாராளமாக ஓடும். பிரௌசரில் இருபது தாவல் திறந்தால் திணறும், அதற்கு விண்டோஸிலும் விமோசனம் கிடையாது.

அதற்கு முன் ஒரு பரீட்சை. மின்ட்டை பென்டிரைவில் ஏற்றி, எதையும் நிறுவாமல், அதிலிருந்தே பெட்டியைக் கிளப்பலாம். ஹார்டு டிஸ்க்கை அது தொடாது. வைஃபை பிடிக்கிறதா என்று பார்த்துவிட்டு, தமிழில் நாலு வரி அடித்து, கடையின் பிரிண்டரில் ஒரு பக்கம் எடுக்க வேண்டும். பிறகு வாடிக்கையாளர்கள் அதிகம் கேட்கும் இரண்டு அரசு இணையதளங்களைத் திறந்து, விண்ணப்பம் ஒன்றைக் கடைசிப் பக்கம் வரை நிரப்பிப் பார்க்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், கடைக்கு ஆள் வராத நேரமாகப் பார்த்து.